கிறிஸ்தவமும் பெண்களின் மதிப்பும்

தென்கோடியிலுள்ள கன்னியாகுமரி ஜில்லாவிலிருந்து ஒரு கிறிஸ்தவ சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருப்பவர்; பரம்பரைக் கிறிஸ்தவர். நம்மை வைதும் எழுதவில்லை, புகழ்ந்தும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வியைப் போட்டு, அதற்கு ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்ல வேண்டுமென்று கேட்டிருக்கின்றார். வைது எழுதுகின்றவர்களுக்குப் பதில் சொல்லுவது நமக்குப் பழக்கமான வேலை. நியாயமாய்க் கேட்கின்றவர்களுக்குப் பதில் சொல்லுவதுதான் கஷ்டமான வேலை. ஆதலால் இவ்வாரத் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகின்றோம்.

அம்மையார் எழுதியிருப்பதன் சாரமாவது: எல்லா மதமும் பெண்ணை அடிமையாக்கிற்று என்று நாம் எழுதி வருகின்றோம். ஆனால் அவருடைய முன்னோர் வீட்டுப் பெண்கள் மார்பை மூடுவதற்குக்கூட உரிமையில்லாமல் இருந்தவர்கள். அவர்களுக்கு ரவிக்கையும், எழுத்தும் வந்தது கிறிஸ்தவத்தினால். கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவள், கடவுளுக்கு மகள் என்கின்ற நம்பிக்கையே இன்றைக்கும் அவரைத் தலை நிமிர்ந்து நடக்கச் செய்கின்றது. கணவர் குடித்துவிட்டு வந்து அடிக்கின்ற இரவுகளில், "நீ ஒன்றுக்கும் உதவாதவள் அல்ல" என்று அவருக்குச் சொல்லுவது அந்த நம்பிக்கை ஒன்றுதான். பாதிரியாரிடம் முறையிட்டதற்கு, பொறுமையாயிரு, ஜெபம் செய், சிலுவையைப் போல் சுமந்துகொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதில் அம்மையாருக்கு வருத்தம் உண்டு. என்றாலும், "இந்த நம்பிக்கையையும் நான் விட்டுவிட்டால், அதற்குப் பதிலாக நீங்கள் எனக்கு என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்கின்றார்.

மதமெல்லாம் புரட்டு என்று ஒரு வரியில் எழுதி இதைத் தட்டிக் கழித்துவிட நமக்கு இஷ்டமில்லை. ஒரு பெண் தன் முதுகில் விழுந்த அடியைக் காட்டிக் கேட்கின்ற கேள்வி இது. சாவகாசமாகவே பதில் சொல்லுவோம்.

ரவிக்கை வந்த வழி

அம்மையார் சொல்லுவதில் உண்மை இருக்கின்றது என்பதை முதலில் தாராளமாய் ஒப்புக்கொள்ளுகின்றோம். பழைய திருவாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் முதலிய வகுப்புப் பெண்கள் மேல்ஜாதிக்காரர்களுக்கு முன்னால் இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்திற்கு இராஜாங்கமும் கோவிலும் காவல். தருமராஜ்யம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு நாட்டில் தருமம் நடந்த லட்சணம் இது. லண்டன் மிஷன் பாதிரிமார் வந்த பிறகு, கர்னல் மன்றோ திவானாயிருந்த காலத்தில், மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்கின்ற ரவிக்கையைப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. நாகர்கோவிலில் பாதிரிமாரின் மனைவிமார்கள் பெண்பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்தும், தையலும், லேஸ் பின்னலும் கற்றுக் கொடுத்தார்கள். பின்னாளில் 1918-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் நம் மடாதிபதிகளும், கோவில் தர்மகர்த்தாக்களும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சாமிக்குக் கல்யாணம் செய்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே, கிறிஸ்தவர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல நமக்கு வாய் வராது.

ஆனால் இந்தக் கதையின் மீதிப் பாதியையும் அம்மையார் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன உத்தரவு ரவிக்கையோடு நின்றுவிட்டது. மேல்ஜாதிப் பெண்களைப் போல் தோள்சீலை போடுவதற்கு அதில் இடமில்லை. ரவிக்கை போதும் என்று யார் சொன்னாலும், அந்தப் பெண்கள் கேட்கவில்லை. தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்கும் தெருவுக்கும் வந்தார்கள். 1822-ல் கல்குளம் பக்கத்தில் அவர்களுடைய துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். 1829-ல் இராஜாங்கமே தோள்சீலை கூடாது என்று விளம்பரம் போட்டது. 1858-லும் 1859-லும் மறுபடியும் அடியும் தீயும் நடந்தது. அத்தனைக்கும் பிறகு, 1859-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந்தேதி வெளியான மகாராஜாவின் விளம்பரத்தில்தான், கிறிஸ்தவரானாலும் இந்துவானாலும் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று வந்தது. அப்பொழுதும்கூட, மேல்ஜாதிப் பெண்கள் போடுகின்ற மாதிரியில் மட்டும் போடக்கூடாது என்று ஒரு வால் வைத்தே விட்டார்கள்.

இதிலிருந்து ஏற்படுவது என்ன? பாதிரிமார் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள் என்பது மெய். முழுவதும் தள்ளித் திறந்தவர்கள் துணி கிழிபட்ட அந்தப் பெண்களே. மேலும், முதல் உத்தரவின்படி ஞானஸ்நானம் பெற்றவளுக்கு மானம் உண்டு, பெறாதவளுக்கு இல்லை. ஒரே தெருவில், ஒரே பனங்காட்டை நம்பிப் பிழைக்கின்ற இரண்டு சகோதரிகளில் ஒருத்திக்கு மானம் வந்து மற்றொருத்திக்கு வராமல் இருக்க முடியுமா? மானம் என்பது மதத்தின் சொத்தாக இருந்தால்தான் அப்படி இருக்க முடியும். அது உடம்போடு பிறந்தது என்று சொன்னால் இருவருக்கும் ஒன்றே. அந்தப் பெண்கள் இரண்டாவது விஷயத்தையே தங்கள் நடத்தையினால் மெய்ப்பித்துக் காட்டினார்கள் என்று நாம் சொல்லுகின்றோம்.

மற்றொரு சங்கதியும் உண்டு. அதே நாகர்கோவில் மிஷனில் அநேக வருஷங்கள் உழைத்த மீட் பாதிரியார் 1852-ல், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டார். கூட இருந்த வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கு அது பொறுக்கவில்லை. அவர் அந்த மிஷனைவிட்டு விலக வேண்டியதாயிற்று. கோவிலுக்குள் அந்தப் பெண் கடவுளின் மகள். பாதிரிமார் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வரும்போது மாத்திரம் அந்த உறவு எங்கே போயிற்று?

ஒரே புஸ்தகத்தில் இரண்டு தீர்ப்பு

கடவுளின் சாயல் என்பது பைபிளின் முதல் புஸ்தகத்தில் முதல் அதிகாரத்தில் இருக்கின்றது. ஆணையும் பெண்ணையும் சேர்த்தே அதில் சொல்லியிருக்கின்றது. நல்லது. ஆனால் இரண்டாவது அதிகாரத்தைப் புரட்டினால், பெண் ஆணின் விலா எலும்பிலிருந்து, அவனுக்குத் துணையாகச் செய்யப்பட்டவள். மூன்றாவது அதிகாரத்திலோ, பழத்தைத் தின்ற குற்றத்திற்காகப் பெண்ணுக்குப் பிரசவ வேதனையும், புருஷன் அவளை ஆளுவான் என்கின்ற தண்டனையும் விதிக்கப்படுகின்றது. அதுபோலவே, கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை என்று கலாத்தியருக்கு எழுதின நிருபத்தில் இருக்கின்றது. அதே பவுலின் பெயரால் இருக்கும் மற்ற நிருபங்களில், பெண்கள் சபையில் பேசக்கூடாது, சந்தேகம் இருந்தால் வீட்டில் புருஷனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆணுக்கு உபதேசம் செய்யக்கூடாது என்று இருக்கின்றது.

இந்த இரண்டில் எது செல்லும் என்று தீர்மானிக்கின்றவர் யார்? கடவுள் நேரில் வந்து பேசுகின்றதில்லை. அவருக்காகப் பேசுகின்றவர் பாதிரியார். ஆகவே, கடவுள் கொடுத்ததாகச் சொல்லப்படும் மதிப்பு அம்மையாருடையதாயிருந்தாலும், அதை அளந்து போடுகின்ற படி பாதிரியார் கையில் இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அம்மையாருக்கு முதல் அதிகாரத்தைப் படித்தார்கள். அடிபட்டு முறையிடப் போன அன்றைக்கு மூன்றாவது அதிகாரத்தைப் படித்துவிட்டார்கள். ஒரே புஸ்தகம், ஒரே பாதிரியார். ஆனால் இரண்டு தீர்ப்பு. இதைத்தான் நாம் மதத்தின் தந்திரம் என்கின்றோம்.

பண்டித ரமாபாய்

கிறிஸ்தவத்தைச் சேர்ந்தும் இந்தத் தந்திரத்திற்கு உட்படாத ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பண்டித ரமாபாய் 1858-ல் மராட்டியப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார், பெண்ணுக்கு சமஸ்கிருதம் கூடாது என்ற எதிர்ப்பை மீறித் தம் மனைவிக்குக் கற்றுக் கொடுத்தார். அந்தத் தாயாரிடமே ரமாபாய் படித்தார். பஞ்சத்தில் தாய் தகப்பன் இருவரையும் இழந்து, ஊர் ஊராய் நடந்து, 1878-ல் கல்கத்தாவில் பண்டிதர்கள் முன்னிலையில் தம் படிப்பைக் காட்டி, பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களைப் பெற்றார். ஜாதியை விட்டு ஒரு வங்காளி வக்கீலை மணந்து, இரண்டு வருஷத்திற்குள் கைக்குழந்தையோடு விதவையானார். 1883-ல் இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார்.

பிறகு என்ன நடந்தது? அந்தத் தேசத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் அவர் பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெண் ஆணுக்குப் பாடம் சொல்லுவதா, இந்தியாவில் அவருடைய பேர் கெட்டுப் போகுமே என்று இந்தியாவில் வேலை பார்த்த பிஷப்புமார் தடுத்தார்கள். கல்கத்தா பண்டிதர்களே தலைவணங்கின படிப்புக்கு, கிறிஸ்தவ தேசத்தில் கிடைத்த மரியாதை இது! ரமாபாய் சும்மா இருக்கவில்லை. தமக்கு மனசாட்சி இருக்கின்றது என்றும், இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியை இவ்வளவு பாடுபட்டுக் கழற்றிவிட்டு, அதேபோன்ற வேறொரு நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்கத் தாம் தயாராயில்லை என்றும் தம்மைக் கண்டித்த கன்னியாஸ்திரீக்கு எழுதிவிட்டார். கடவுள் ஒருவரா மூவரா என்கின்ற விஷயத்தில்கூட, தம் புத்திக்குச் சரியென்று படாததை ஒப்புக்கொள்ள மறுத்தார். 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனம் ஏற்படுத்தினார். பிறகு பூனாவுக்கு அருகில் கேட்கானில் முக்தி ஆசிரமம் வைத்து, பஞ்ச காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் காப்பாற்றினார். எபிரேயமும் கிரேக்கமும் படித்து, பைபிளைத் தாமே மராட்டியில் மொழிபெயர்த்தார். 1922-ல் இறக்கும் வரையில் கிறிஸ்தவராகவே இருந்தார்.

அவர் கிறிஸ்தவராகவே இறந்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நாம் கேட்பதெல்லாம், அவரை ரமாபாயாக ஆக்கியது எது என்பதே. ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே அவருக்குப் படிப்பு இருந்தது. வாதாடும் தைரியம் இருந்தது. தம் கையால் சம்பாதிக்கும் சக்தி இருந்தது. அவை இருந்தபடியால்தான் பிஷப்புக்கே பதில் சொன்னார். இல்லாதிருந்தால் அவருக்கும் "பொறுமையாயிரு" என்கின்ற உபதேசந்தான் கிடைத்திருக்கும்.

சட்டம் போட்ட விலை

மதம் ஒரு பெண்ணை வாயால் எவ்வளவு மதிக்கின்றது என்று பார்ப்பதைவிட, சொத்திலும் விவாகத்திலும் எவ்வளவு மதித்தது என்று பார்ப்பது மேல். பிரசங்கம் மறைத்துப் பேசும், பத்திரம் மறைத்துப் பேசாது.

கிறிஸ்தவர்களுக்கென்று 1869-ல் செய்த விவாகரத்துச் சட்டத்தில், மனைவி விபசாரம் செய்தாள் என்ற ஒரே காரணத்திற்காகப் புருஷன் விலகிக்கொள்ளலாம். ஆனால் புருஷன் விபசாரம் செய்தான் என்பது மனைவிக்குப் போதாது; கூடவே கொடுமை செய்தான் என்றோ, இரண்டு வருஷம் கைவிட்டான் என்றோ மற்றொரு குற்றத்தையும் ருசுப்படுத்தியாக வேண்டும். வெறும் அடி உதைக்காக விவாகரத்து கிடையாது. மனைவியைக் கெடுத்தவனிடம் புருஷன் நஷ்டஈடு கேட்கலாம் என்றும் அதில் இருந்தது. தோட்டத்தில் மாடு மேய்ந்துவிட்டால் நஷ்டஈடு கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தச் சட்டத்திற்கு மூலமாயிருந்த இங்கிலாந்துச் சட்டத்தை அவர்கள் 1923-லேயே திருத்திக்கொண்டார்கள். இங்கே 2001-ல்தான் திருத்தம் வந்தது. 132 வருஷ காலம் கடவுளின் மகளுக்கும் கடவுளின் மகனுக்கும் ஒரே கோர்ட்டில் இரண்டு நியாயம்!

சொத்து விஷயமோ இன்னும் விசேஷம். தோமா அப்போஸ்தலரே நேரில் வந்து தங்கள் முன்னோர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பெருமை சொல்லுகின்ற சிரியன் கிறிஸ்தவர்களுக்குத் திருவாங்கூரில் 1916-ல் வாரிசுச் சட்டம் ஒன்று செய்தார்கள். அதன்படி, உயில் எழுதாமல் இறந்தவனுடைய மகளுக்கு, மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் அம்மையார் இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1951-ம் வருஷம் ஏப்ரல் மாதம் முதற்கொண்டே அந்தச் சட்டம் செல்லாது, மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான் என்று 1986-ல் தீர்ப்பாயிற்று. இந்தத் தீர்ப்புக்குச் சபைகள் ஸ்தோத்திரம் செலுத்தினவா? இல்லை. சபைகளின் பக்கத்திலிருந்தே எதிர்ப்பு வந்தது. ஆத்துமாவில் சமம் என்பதற்கு எந்தப் பாதிரியாரும் ஆட்சேபணை சொன்னதில்லை. ரப்பர் தோட்டத்தில் சமம் என்றவுடனே வேதம் ஆபத்துக்குள்ளாகிவிட்டது.

குருமார் பதவியையும் பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-ல் புஷ்ப லலிதா அம்மையார் நந்தியால் பிஷப்பாக வந்தார். அந்தச் சபையில் முதல் பெண் பிஷப் அவர்தான். இதை நாம் வரவேற்கின்றோம். கத்தோலிக்கர்களிடமோ, பெண்ணைக் குருவாக்க சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-ல் போப்பே எழுதி முடித்துவிட்டார்.

இதைப் படிக்கின்ற இந்து சகோதரர்கள் மீசையை முறுக்க வேண்டாம். மகளுக்கும் சம சொத்து வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானித்தோம். இந்துப் பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் அது கிடைத்தது 1989-ல். இந்தியா முழுவதற்கும் 2005-ல். அறுபது வருஷம் தடுத்து வைத்திருந்தது எந்தப் பைபிள்? மனுவின் யோக்கியதை நமக்குத் தெரியும். திருடனில் பெரிய திருடன், சின்னத் திருடன் என்று வித்தியாசம் பார்ப்பதற்காக நாம் இதை எழுதவில்லை.

பதிலுக்கு என்ன?

இனி, அம்மையாரின் கேள்விக்கு நேராக வருவோம். நம்பிக்கையை விட்டால் என்ன கொடுப்பீர்கள் என்கின்றார். அம்மையே! உங்கள் நம்பிக்கையைப் பிடுங்குவதற்காக நாம் வரவில்லை. இருட்டில் ஒரு கைவிளக்கோடு நடப்பவரிடம் அதை ஊதி அணைப்பது நமது தொழிலல்ல. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். "நான் மதிப்பில்லாதவள் அல்ல" என்று அந்த இரவுகளில் சொல்லுவது யார்? பாதிரியார் அப்படிச் சொல்லவில்லை, பொறுத்துக்கொள் என்றார். கணவர் சொல்லவில்லை. சபையார் சொல்லவில்லை. சொன்னது உங்கள் மனமே. அந்தக் குரலுக்குக் கடவுள் என்று நீங்கள் பெயர் வைத்திருக்கின்றீர்கள். நாம் சுயமரியாதை என்று பெயர் வைத்திருக்கின்றோம். பெயரைப் பற்றி இன்று சண்டை வேண்டாம். ஆனால் அது உங்களுடையது என்று தெரிந்துகொண்டால், அதற்குப் பொருள் சொல்ல மற்றொருவரைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஒருவர் கொடுத்தது என்று நம்புகின்ற வரையில், கொடுத்தவரின் பேரால் இன்னொருவர் வந்து அதைத் திருப்பிக் கேட்பார்; பாவி என்பார், ஏவாளின் மகள் என்பார், சிலுவையைச் சும என்பார். சொந்தச் சொத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

குரல் மாத்திரம் போதாது, கையில் பிடிக்க ஏதாவது வேண்டும் என்றால், அதுவும் இருக்கின்றது. உங்களுக்குப் படிப்பு இருக்கின்றது, சம்பளம் இருக்கின்றது, அந்தச் சம்பளம் உங்கள் பேரில் இருக்கட்டும். 2001-க்குப் பிறகு, கொடுமை ஒன்றே விவாகரத்துக்குப் போதுமான காரணம். 2005-ல் செய்த குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. அதன்படி ஜில்லாவிலுள்ள பாதுகாப்பு அதிகாரியிடமோ, மாஜிஸ்திரேட்டிடமோ முறையிடலாம். வீடு யார் பேரில் இருந்தாலும், குடியிருக்கும் வீட்டிலிருந்து உங்களைச் சட்டத்திற்கு விரோதமாய் வெளியே தள்ள முடியாது. வக்கீலுக்குப் பணமில்லை என்கின்ற கவலையும் வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயிருந்தாலும், இலவச சட்ட உதவி 1987-ம் வருஷச் சட்டப்படி உண்டு. இவை எவையும் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. உங்களைப் போன்ற பெண்கள் கேட்டு, போராடி, கோர்ட்டுப் படி ஏறி வாங்கியவை. தோள்சீலைக்காக அடிபட்ட உங்கள் பாட்டிமார்கள் "பொறுமையாயிரு" என்பதைக் கேட்டிருந்தால், நீங்கள் இன்று பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கு நீங்கள் செலுத்தவேண்டிய கடன் பொறுமையல்ல.

கடைசியாக, நம்முடைய தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. இக்கடிதத்தைப் படித்துவிட்டுக் கிறிஸ்தவப் புருஷன் ஒருவனைத் திட்டிவிட்டுப் போய்விட வேண்டாம். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டில் சோறு ஆறிப்போயிற்று என்று கை ஓங்குகின்றவர்கள் நம் கூட்டத்தில் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? கடவுளை விட்டவன் கையும், கடவுளைக் கும்பிடுகின்றவன் கையும் ஒரே மாதிரி முதுகில் விழுமானால், அந்த முதுகுக்கு நாம் என்ன பகுத்தறிவைச் சொல்லப் போகின்றோம்? மதத்தை ஒழித்தால் பெண்ணடிமை தானே ஒழிந்துவிடாது. ஆண் எஜமானன் என்கின்ற எண்ணம் நம் தலைக்குள்ளிருந்து ஒழிய வேண்டும். அது ஒழிந்த வீட்டிலிருந்து போகின்ற பேச்சைத்தான் அந்த அம்மையார் நம்புவார். மற்ற வீட்டிலிருந்து போகின்ற பேச்சை அவர் நம்பவும் வேண்டாம்.